மகன் சொல் கேளாத மன்னன்!

குழந்தைகளே! அப்பா சொல்வதை மகன் கேட்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மகன் சொல்வதை அப்பாவும் கேட்க வேண்டும் என்று, ஏறத்தாழ 2,460 ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் நாடகம் போட்டுக் காட்டினார். அவர்தான் கிரேக்க நாடக மேதை சோஃபோகிளிஸ்.

கி.மு. 496-ஆம் ஆண்டுவாக்கில், ஏதென்ஸ் நகருக்கு அருகே கொலோனஸ் என்ற ஊரில் பிறந்தார். தந்தை சோஃபில்லஸ், போர்க் கருவிகள் செய்யும் பட்டறை வைத்திருந்த செல்வந்தர். மகன் இசையும் நடனமும் கற்றார். கி.மு. 480-ல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகப் படையைக் கிரேக்கர்கள் தோற்கடித்தனர். அந்த வெற்றி விழாவில் பாடிய சிறுவர் குழுவுக்குத் தலைவர் யார் தெரியுமா? பதினாறு வயது சோஃபோகிளிஸ்தான்!

ஏதென்ஸில் ஒவ்வொரு வசந்த காலத்திலும் டயோனிசஸ் என்ற தெய்வத்துக்கு விழா நடக்கும். அதில் நாடகப் போட்டியும் உண்டு. கி.மு. 468-ல் புகழ்பெற்ற ஈஸ்கிலஸையே வென்று முதல் பரிசு பெற்றார் சோஃபோகிளிஸ். 120-க்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். இன்று முழுமையாகக் கிடைப்பவை 7 மட்டுமே.

அவற்றில் ஒன்று 'ஆன்டிகனி'. தீப்ஸ் நகரின் மன்னர் கிரியோன். அவருடைய சகோதரி மகன் அந்நகரின் மீதே படையெடுத்து வந்து போரில் இறந்தான். துரோகியின் உடலை யாரும் புதைக்கக் கூடாது, மீறினால் மரணம் என்று ஆணையிட்டார் மன்னர். இறந்தவனின் தங்கை ஆன்டிகனியால் அதைத் தாங்க முடியவில்லை. அண்ணனின் உடல் மீது மண்ணைத் தூவினாள். அவளைக் குகையில் அடைக்கும்படி உத்தரவிட்டார் கிரியோன்.

மன்னரின் மகன் ஹேமோன், ஆன்டிகனியை மணக்க இருந்தவன். ஊர் மக்கள் அவள் பக்கம்தான் இருக்கிறார்கள், கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் என்று பணிவாகச் சொன்னான். சின்னப் பையன் எனக்குப் புத்தி சொல்வதா என்று சீறினார் தந்தை. பிறகு ஒரு பார்வையற்ற முனிவர் எச்சரித்ததும் மனம் மாறினார். முதலில் உடலை அடக்கம் செய்துவிட்டு, அதன்பின் குகைக்கு ஓடினார். தாமதமாகிவிட்டது! ஆன்டிகனி உயிரோடு இல்லை. மகனையும், அடுத்து மனைவியையும் இழந்தார். குற்றம் என்னுடையதுதான் என்று கதறினார்.

பதவியைத் தூரத்திலிருந்து பார்த்து எழுதியவர் அல்ல சோஃபோகிளிஸ். கி.மு. 443-ல், கூட்டணி நகரங்கள் செலுத்திய பணத்துக்குப் பொருளாளராக இருந்தார். பின்னர் பெரிக்ளிஸுடன் சாமோஸ் போரில் தளபதியானார். கி.மு. 413-ல் சிசிலியில் ஏதென்ஸின் கடற்படை அழிந்தது. நாட்டுக்கு வழிகாட்ட அப்போது அமைத்த 10 பேர் குழுவிலும் இடம்பெற்றார். அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது!

முதுமையில் அவர் வீட்டிலும் தந்தை-மகன் சிக்கல் வந்ததாக ஒரு பழங்கதை உண்டு. தந்தைக்கு நினைவு தடுமாறுகிறது, சொத்தை நிர்வகிக்க முடியாது என்று மகன் அயோஃபோன் வழக்குப் போட்டாராம். சோஃபோகிளிஸ் கோபப்படவில்லை. அப்போது எழுதிக்கொண்டிருந்த நாடகத்திலிருந்து, தம் சொந்த ஊரைப் புகழும் பாடலைப் படித்துக் காட்டினாராம். வழக்கு தள்ளுபடியானது!

கி.மு. 406-ஆம் ஆண்டுவாக்கில், சுமார் 90 வயதில் அவர் மறைந்தார். 'கொலோனஸில் ஈடிபஸ்' என்ற அந்த நாடகத்தைக் கி.மு. 401-ல் மேடையேற்றியவர் அவருடைய பேரன். அவர் பெயரும் சோஃபோகிளிஸ்தான்!

நாளை நீங்கள் வகுப்புத் தலைவராகலாம், விளையாட்டு அணிக்குக் கேப்டனாகலாம். உங்களைவிடச் சிறியவர் ஒருவர், நீங்கள் செய்வது சரியில்லை என்று சொன்னால் உடனே கோபப்படாதீர்கள். கிரியோனை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள்!