ஆலையை மூடிய முதலாளி

இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்‌ஷயரும் லங்காஷயரும் சந்திக்கும் எல்லையில், குன்றுகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் ஊர் டாட்மார்டன். அவ்வூரில் 1784ஆம் ஆண்டு பிறந்தவர் ஜான் பீல்டன். அவருடைய தந்தை சில குடிசைகளில் நூற்புத் தொழிலைத் தொடங்கியவர். பத்து வயது கடந்ததுமே மகனும் அந்த ஆலையில் வேலைக்கு நின்றான். அண்ணன் தம்பிகள் சேர்ந்து வளர்த்த அந்நிறுவனம் பின்னாளில் நாட்டின் மிகப் பெரிய பஞ்சாலை நிறுவனங்களுள் ஒன்றாயிற்று. செல்வம் சேர்ந்த பின்னும், சிறுவயதில் பட்ட உடல் நோவை பீல்டன் மறக்கவில்லை. 1832இல் ஓல்டாம் தொகுதியிலிருந்து, வில்லியம் காபெட் என்ற புகழ் பெற்ற எழுத்தாளருடன், பாராளுமன்றம் சென்றார்.

1834இல் புதிய ஏழையர் சட்டம் வந்தது. அதற்கு முன் ஒவ்வோர் ஊரும் தன் ஏழைகளைத் தன் வரிப்பணத்தில் தானே பார்த்துக்கொண்டது. தறி ஓடாத காலத்தில் நெசவாளி தன் வீட்டில் இருந்தபடியே சிறு தொகை பெற்று நாளைக் கடத்துவான். புதிய சட்டமோ லண்டனில் மூன்று ஆணையர்களை அமர்த்தி, ஊர்களை ஒன்றியங்களாகக் கட்டி, உடல் வலிமை உள்ளவனுக்கு உதவி வேண்டுமானால் ஏழையர் விடுதிக்குள் புகட்டும் என்றது. உள்ளே கணவன் ஒருபுறம், மனைவி ஒருபுறம், பிள்ளைகள் வேறொருபுறம். வெளியே உள்ள மிக ஏழைக் கூலியாளின் நிலையைவிட உள்ளே இருப்பவன் நிலை தாழ்ந்திருக்க வேண்டும் என்பது கொள்கை. பள்ளியில் சத்துணவு உண்டு படித்தவன் நான். உண்டதற்காக என்னை யாரும் என் தாயிடமிருந்து பிரிக்கவில்லை. ஆகவே இதைப் படித்தபோது எனக்குச் சினமே வந்தது.

வடக்கத்தி மக்களின் எதிர்ப்புக்கு வேறொரு காரணமும் உண்டு. பஞ்சு வாணிபம் படுத்தால் ஓர் ஊரே ஒரே வாரத்தில் வேலை இழக்கும். மீண்டும் எழுந்தால் எல்லாருக்கும் வேலை. இதில் சோம்பேறி யார்? அத்தனை பேரையும் அடைக்க எந்த விடுதி போதும்? லண்டனில் சட்டம் தீட்டியவர்கள் இதை எண்ணியதாகத் தெரியவில்லை.

1837இல் டாட்மார்டன் ஒன்றியம் அமைக்கப்பட்டது. டாட்மார்டனும் லாங்பீல்டும் காப்பாளர் குழுவுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கவே மறுத்தன. மறு ஆண்டு சட்டத்தை நீக்கக் கோரி பீல்டன் கொண்டுவந்த தீர்மானத்துக்கு அவையில் விழுந்த ஆதரவு வாக்குகள் 17, எதிராக 309. 1838 ஜூலையில் அவர் தம் ஆலைகளையே மூடினார். காப்பாளர்கள் பதவி விலகும்வரை திறப்பதில்லை என்று அறிவித்தார். படை வந்ததே ஒழிய காப்பாளர்கள் விலகவில்லை. அதே மாதம் ஆலைகள் திறந்தன. அவர் நோக்கத்தைப் போற்றுகிறேன். ஆனால் அந்நாட்களில் கூலியின்றி உலை வைக்காத வீடுகள் தொழிலாளர் வீடுகளே, முதலாளியுடையதல்ல என்பதையும் சொல்ல வேண்டும்.

நவம்பரில் விவகாரம் முற்றியது. குழு கேட்ட தொகையைக் கட்ட மறுத்த லாங்பீல்டு அதிகாரியின் பொருள்களை ஜப்தி செய்ய, ஹாலிபாக்ஸிலிருந்து காவலர் இருவர் வந்தனர். ஆலை மணி ஒலித்தது. தொழிலாளர்கள் திரண்டு அவர்களின் உடையைக் கிழித்து விரட்டினர். சில நாட்களில் புதிய சட்டத்தை ஆதரித்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. மீண்டும் படை வந்தது. எனினும், ஏழைகளுக்கு வீட்டிலேயே உதவும் பழைய முறை அவ்வூரில் தொடர்ந்தது, விடுதி எழவில்லை.

1847இல், பெண்களும் இளையோரும் ஆலையில் நாளுக்குப் பத்து மணி நேரம் மட்டுமே உழைக்க வகைசெய்த சட்டத்தை நிறைவேற்றித் தந்தவர் பீல்டன். அதே ஆண்டுத் தேர்தலில் ஓல்டாம் மக்கள் அவரைத் தோற்கடித்தனர்! 1849இல் அவர் மறைந்தார். டாட்மார்டனில் அவருக்கு 1875இல் சிலை திறக்கப்பட்டது. அவர் எதிர்த்த ஏழையர் விடுதியும் அதே பத்தாண்டில்தான் அவ்வூரில் கட்டப்பட்டது.