67 பேருக்குக் காயம், 700 பேருக்குக் கட்டு: ஹைதர் அலியின் திண்டுக்கல் கணக்கு

ஆபீஸில் ஒரு ரிப்போர்ட் வந்து நிற்கும்: உங்கள் கூட்டுப்பணி நேரம் இத்தனை மணி. மைக்ரோசாஃப்ட்டின் வைவா இன்சைட்ஸ் போன்ற மென்பொருட்கள் மீட்டிங், கால், சாட், மெயில் எல்லாவற்றையும் கூட்டி இந்த எண்ணைத் தருகின்றன. காலண்டரில் ஒரு மணி நேர மீட்டிங் இருந்தால், ஒரு மணி நேரம் கூட்டுப்பணி. மைக்கை மியூட் பண்ணிவிட்டு சாப்பிட்டு முடித்தவருக்கும் அதே கணக்குதான்.

இப்படிப்பட்ட ஓட்டையை 270 வருஷத்துக்கு முன்னாடியே திண்டுக்கல்லில் ஒருத்தர் கண்டுபிடிச்சுட்டார். அவர் ஹைதர் அலி.

கோலார் பக்கம் பூதிக்கோட்டையில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பாவைப் போரில் இழந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மனக்கணக்கில் கில்லாடி. மைசூர்ப் படையில் படிப்படியாக உயர்ந்து, 1755-ல் திண்டுக்கல்லுக்கு பௌஜ்தாராக வந்தார். படையும் வரி வசூலும் அவர் கையில். கணக்கு பார்க்க காண்டே ராவ் என்ற கெட்டிக்காரர் கூடவே இருந்தார்.

பாளையக்காரர்களோடு ஒரு சண்டை முடிந்ததும், காயம்பட்ட வீரர்களுக்குப் படி கொடுக்க ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து அதிகாரி வந்தார். உண்மையில் காயம்பட்டவர்கள் 67 பேர். சுமார் 700 பேர் கை காலில் மஞ்சள் தோய்ந்த துணியைச் சுற்றிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி எண்ணியது கட்டுகளைத்தான், அவிழ்த்துப் பார்க்கவில்லை. 700 பேருக்கும் பணம் வந்தது.

அடுத்தது படைக் கணக்கெடுப்பு. எண்ணி முடித்தவர்களே சுற்றி வந்து மறுபடி வரிசையில் நிற்க, 10,000 பேர் 18,000 ஆனார்கள். இரண்டையும் எழுதி வைத்தவர் மார்க் வில்க்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி. எதிராளி முகாமின் ஆள் என்பதால் கொஞ்சம் காரம் தூக்கலாகவே இருக்கலாம். அதற்காக ஹைதரை வெறும் ஏமாற்றுக்காரர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. பிரெஞ்சுக் கைவினைஞர்களை வைத்து திண்டுக்கல்லில் ஆயுதச் சாலை அமைத்தவர் அவர். கையில் நிஜமான படையும் இருந்தது.

அந்தப் பணமும் படையும்தான் அவரை மேலே தூக்கின. அவரை வளர்த்துவிட்ட அமைச்சர் நஞ்சராஜரின் கஜானாவோ காலியாகிக்கொண்டே வந்தது. சம்பள பாக்கி கேட்டுப் படை கொதித்தபோது பாக்கியைத் தீர்த்துவைத்தவர் ஹைதர். 1759-ல் நஞ்சராஜர் பதவியை விட்டு விலகினார். 1761-ல் மைசூர் முழுக்க ஹைதர் கைக்கு வந்தது. ஆங்கிலேயரோடு போர் நடந்துகொண்டிருந்தபோதே, 1782 டிசம்பரில் சித்தூர் அருகே பாசறையில் இறந்தார்.

கணக்கு பார்த்த காண்டே ராவ்? இடையில் ஹைதருக்கு எதிராகத் திரும்பித் தோற்றுப்போனார். அவரைக் கிளி மாதிரி பார்த்துக்கொள்வதாக ஹைதர் அரண்மனைப் பெண்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தாராம். சொன்னபடியே இரும்புக் கூண்டில் அடைத்து, பாலும் சோறும் கொடுத்து வந்தார்.