நாடகத் தமிழுக்கு நூல் வகுத்த விபுலாநந்த அடிகள்

ஈழத்தின் கீழ்க்கரையிலே, காரைதீவு என்னும் ஊரில், 1892ஆம் ஆண்டு மார்ச் மாதம் 27ஆந் திகதி சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மைந்தராய்த் தோன்றியவர் மயில்வாகனனார். கண்ணகியம்மன் கோயில் கொண்டருளிய ஊர் அது. அவர் பிறந்த அதே ஆண்டிலேதான் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையோடு அச்சேற்றினார். இரண்டும் தற்செயலாக ஒத்தனவே. எனினும், பின்னாளில் அடிகளார் இயற்றிய நூல்களை அறிந்தார்க்கு இவற்றைச் சேர்த்து எண்ணாதிருத்தல் அரிது.

இளமையில் அவர் விரும்பிக் கற்றவை கணிதமும் விஞ்ஞானமுமாம். கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்றார். பயிற்றப்பட்ட ஆசிரியர் என்னும் முறையில் எம்மனோர்க்கு இதில் ஒரு பெருமை உண்டு. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்விலும் சித்தியெய்தினார். யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். ஈராண்டுகளின் பின் பதவியைத் துறந்து மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டு விபுலாநந்தர் என்னும் திருப்பெயர் பெற்றார்.

துறவு பூண்ட அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் அவர் ஆற்றிய சொற்பொழிவின் பொருள் யாது? வேதாந்தமன்று, நாடகம்! அச்சொற்பொழிவே விரிவு பெற்று, 1926இல் மதங்கசூளாமணி என்னும் நூலாக வெளிவந்தது. மதங்கர் என்பது கூத்தரைக் குறிக்கும் பழஞ்சொல். சூளாமணி என்பது முடிமணி. கூத்தாடுவாரைக் கீழோராக எண்ணிய சமுதாயத்திலே, ஒரு துறவி கூத்தரின் பெயருக்கு முடிமணி சூட்டியமை சிறிய செயலன்று. அந்நாளில் எம் கல்லூரிகளிலும் நாடகம் விழா நாளுக்குரிய களிப்பாகவே இருந்தது. பாடமென எவரும் அதனைக் கருதினாரல்லர். இயல், இசை, நாடகம் என முத்தமிழை வாயாரக் கூறுவோம். ஆயினும் வகுப்பறையிற் புகுந்தது இயல் ஒன்றே.

இதற்குக் காரணமும் உண்டு. கற்பிப்பதற்கு நூல் வேண்டும். அடியார்க்குநல்லார் காலத்துக்கு முன்பே நாடகத் தமிழ் நூல்கள் பல இறந்தொழிந்தன. அவர் உரையிலே பெயர்களும் சில சூத்திரங்களுமே எஞ்சின. பரிதிமாற் கலைஞர் 1897இல் நாடகவியல் இயற்றி வழிகாட்டியிருந்தார். அடிகளார் பிறிதொரு வழியிற் சென்றார். நூலை உறுப்பியல், எடுத்துக்காட்டியல், ஒழிபியல் என மூன்றாக வகுத்தார். முதலாவதில், அரங்கேற்று காதையையும் அதன் உரையையும் துணைக்கொண்டு நாடக இலக்கணத்தைத் திரட்டினார். இரண்டாவதில், செகசிற்பியார் எனத் தாம் பெயரிட்டழைத்த ஷேக்ஸ்பியரின் பன்னிரு நாடகங்களை எடுத்துக்காட்டினார். மூன்றாவதில், வடமொழித் தசரூபகத்தின் கருத்துக்களைத் தந்தார்.

அவர் துணைக்கொண்ட பகுதிகள் எத்துணை நுண்மையானவை என்பதை மாணவர் அறிதல் நன்று. அரங்கம் அளக்குங் கோல் இருபத்துநான்கு விரல் நீளம். அக்கோலால் அரங்கின் அகலம் ஏழு, நீளம் எட்டு, உயரம் ஒன்று. வாயில்கள் இரண்டு. திரைகள் மூவகை: ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி. நாடகக் கதையின் வளர்ச்சியை உரையாசிரியர் உழவுத் தொழிலால் விளக்குவார்: உழுத புழுதியில் இட்ட வித்து முளைப்பது முகம்; பின்னர்ப் பிரதிமுகம், கருப்பம், விளைவு; விளைந்ததை அறுத்துண்பது துய்த்தல். தோட்டஞ் செய்யும் எம்மூர்ப் பிள்ளைக்கு இதனைக் காட்டிலும் எளிய விளக்கம் வேறு யாது? இதனை ஒரு முறை விளங்கிக்கொண்டவன் ஆங்கில நாடகத்தைக் கையிலெடுத்தாலும், வித்து எங்கே, விளைவு எங்கே எனத் தேடத் தொடங்குவான்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதலாவது தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். அதே அரங்கேற்று காதையில் யாழாசிரியன் அமைதி கூறும் அடிகளை நெடுங்காலம் ஆராய்ந்து யாழ்நூலை ஆக்கினார். 1947 யூனில் அது திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. யூலை 19இல் அடிகளார் மறைந்தார்.

நூலின் ஒரு குறையைச் சொல்லாது விடுதல் முறையன்று. மட்டக்களப்புப் பகுதி வடமோடி, தென்மோடிக் கூத்துக்களின் விளைநிலம். அங்கே பிறந்த அடிகளார் இலண்டன் நாடகத்தையும் வடமொழி இலக்கணத்தையும் ஆராய்ந்தார்; களரியில் விடியும்வரை ஆடிய அண்ணாவிமாருக்கு மதங்கசூளாமணியில் இடமில்லை. ஏட்டிலிருந்ததை மீட்பதே அந்நாளில் முதற் கடன் என்று அவர் எண்ணியிருத்தல் கூடும். ஆயினும் இன்று க. பொ. த. உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் கற்கும் மாணவன், நூலையும் களரியையும் ஒருங்கே அறிந்தாலன்றி அப்பாடத்தைக் கற்றவனாகான்.

விடுபட்ட அப்பகுதியை நிரப்பியவர் அடிகளாரிடம் பயின்ற மாணவருள் ஒருவரே. வீமன்காமத்திற் பிறந்த பேராசிரியர் சு. வித்தியானந்தன், மட்டக்களப்புக் கூத்தர்களின் துணையோடு பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைப் பழக்கி, 1962இல் கர்ணன் போரையும் 1964இல் இராவணேசனையும் மேடையேற்றினார்.