ரகீம் ஆசிரியர்

தருமபுரி மாவட்டத்துப் புழுதித் திடல்களிற் பந்தாடி வளர்ந்த நாம், தோல்வியுற்ற மாலைகளில், குற்றம் வகுத்த உபாயத்தினதோ ஆடிய காலினதோ என்று தோழரோடு பிணங்குவதுண்டு. இப்பிணக்கைத் தீர்க்கவல்லது சையது அப்துல் ரகீமின் சரிதம்.

1909-ஆம் ஆண்டு ஐதராபாத்திற் பிறந்த இவர், பள்ளி ஆசிரியராயிருந்து, 1950 முதல் இந்திய உதைபந்தாட்டக் குழுவைப் பயிற்றலானார். 1951-இல் புதுதில்லியில் ஆசியப் பொற்பதக்கமும், 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடமும் அவ்வுழைப்பின் பயன்களாம்.

1962-இல் ஜகார்த்தா நகரில், பின்காவலர் ஜர்னைல் சிங் தலையிற் காயமுற்றார். ரகீம் அவரை விலக்கிவிடாது, முன்னணியின் நடுவே நிறுத்தினார். உபாயம் துணிவானதே, எனினும், காயத்தோடு ஓடி, அரையிறுதியிலும் இறுதியிலும் பந்தை வலையிற் சேர்த்தவர் ஜர்னைல் அன்றோ! தென்கொரியாவை 2–1 என வென்று பொன் பெற்றது இந்தியா. மறு ஆண்டு ஜூன் திங்களில் ரகீம் புற்றுநோயால் மறைந்தார்.

ஆடுவோன் ஆற்றலை அறிந்தே அவர் வகுத்தார். வகுத்தவரை நம்பியே அவன் ஆடினான். வள்ளுவர் தெரிந்துவினையாடல் என்று பெயரிட்ட நெறியும் இதுவே. தோற்ற மாலையில் இனி நாம் ஆராய வேண்டுவது, ஒருவரையொருவர் அறிந்திருந்தோமா என்பதேயாம்.