மருத்துவ மேதை எல்லாப்பிரகடா சுப்பாராவ்

ஆவடியிலும் அம்பத்தூரிலும் மின்தொடர்வண்டி ஏறிச் சென்ட்ரலில் இறங்குவோர், எதிரே அரசு பொது மருத்துவமனையையும் அதனையொட்டிய சென்னை மருத்துவக் கல்லூரியையும் காண்பர். நோயுற்றோருடன் நம்மவர் பலர் நாள்தோறும் செல்லும் அவ்விடத்தில் பயின்ற ஒருவரின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

சுப்பாராவ் 1895 சனவரி 12-ஆம் நாள் ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்தார். அவர் நம்மைப்போல் ஒடுக்கப்பட்ட குலத்தவர் அல்லர். பள்ளிக்கூடத்தின் கதவு அவருக்குத் திறந்தே இருந்தது. எனினும் வறுமை வாட்டிற்று. மெட்ரிகுலேசன் தேர்வில் இருமுறை தோற்று, மூன்றாம் முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித் தேறினார். மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியமையால் அறுவை மருத்துவப் பேராசிரியரின் சினத்துக்கு ஆளானார், எம்.பி.பி.எஸ். பட்டத்திற்கு மாறாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றே கிடைத்தது. உடன்பிறந்தார் இருவரை ஸ்புரூ என்னும் கழிச்சல் நோய் கொண்டுபோயிற்று.

1923-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர் சேர்ந்தார். ஆர்வர்டில் பயின்றுகொண்டே, மருத்துவமனை ஒன்றில் இரவு ஊழியராகக் கழிகலங்களைத் துலக்கிப் பிழைத்தார். அத்தொழில் செய்வோரை நம் நாடு தீண்டாது ஒதுக்கியிருந்த காலம் அது என்பதை இங்கு நினையாதிருக்க இயலவில்லை.

பிஸ்கே என்னும் ஆசிரியருடன் சேர்ந்து, இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள பாஸ்பரசை அளக்கும் முறையை 1925-இல் வெளியிட்டார். அதன் துணைகொண்டே தசையில் பாஸ்போகிரியேட்டினையும் பின்னர் ஏ.டி.பி. என்னும் பொருளையும் கண்டனர். நாம் உண்ணும் உணவின் ஆற்றல் ஏ.டி.பி.யாக மாறியே உயிரணுவை இயக்குகிறது. மண்வெட்டி தூக்கும் கையும் பாடம் படிக்கும் மூளையும் அதனாலேயே இயங்குகின்றன. இத்துணை செய்தும் ஆர்வர்டில் அவருக்கு நிலையான பதவி தரப்படவில்லை.

1940-இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்து, ஆய்வுத்துறை இயக்குநரானார். அவருடைய குழு போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கியது. இரத்தச் சோகைக்கும், உடன்பிறந்தாரைக் கொன்ற அதே ஸ்புரூவுக்கும் அது மருந்தாயிற்று. உயிரணு பெருகுவதற்குப் போலிக் அமிலம் தேவை. அப்படியாயின், அதனைப்போலவே தோன்றும் போலிப் பொருளொன்றைக் கொடுத்தால் கட்டின்றிப் பெருகும் புற்றுநோய் அணு ஏமாந்து நிற்குமன்றோ? அவ்வாறு பிறந்த அமினோப்டெரினைச் சிட்னி பார்பர் என்னும் மருத்துவர் இரத்தப் புற்றுநோயுற்ற 16 குழந்தைகளுக்கு அளித்தார்; 10 பேரிடம் சில காலம் நோய் தணிந்தது. அதன் உடன்பிறப்பான மெத்தோட்ரெக்சேட், புற்றுநோய்க்கும் முடக்குவாதத்திற்கும் இன்றும் வழங்கப்படுகிறது.

பார்பரின் அறிக்கை 1948 சூனில் வெளிவந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் தம் 53-ஆம் அகவையில் நியூயார்க்கில் மறைந்தார், தாயகம் திரும்பவேயில்லை. யானைக்கால் நோயை ஒழிக்கத் தமிழகத்தில் வீடுதோறும் கொடுக்கப்பட்ட டி.இ.சி. மாத்திரையும் அவர் குழுவினர் கண்டதே. அதனை விழுங்கிய நம் மக்களுள் அவர் பெயரைக் கேட்டறிந்தோர் மிகச் சிலரே.