சுரங்கத்துப் பையன் மந்திரியான கதை

வேலை போச்சுன்னா வீடும் போச்சு. இது எப்பேர்ப்பட்ட பயம் என்று லயத்தில் குடியிருந்தவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தப் பயத்தைச் சின்ன வயசிலேயே கண்ணால் பார்த்தவர் வில்லியம் பி. வில்சன். அமெரிக்க நாடாளுமன்றத்தில் தொழிலாளிக்காக வாதாடி, பிறகு அந்நாட்டின் முதல் தொழில் மந்திரியாக வந்தவர்.

1862-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தார். அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. ஒரு வேலைநிறுத்தத்தின்போது கம்பெனி வீட்டிலிருந்து குடும்பத்தையே வெளியே தள்ளிவிட்டார்கள். பிழைப்புத் தேடி 1870-இல் அமெரிக்கா போய், பென்சில்வேனியா மாநிலத்தில் ஆர்னட் என்ற சுரங்க ஊரில் குடியேறினார்கள். அங்கே மட்டும் என்ன வாழ்ந்தது? ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பையன் அப்பாவுக்கு உதவியாகச் சுரங்கத்துக்குள் இறங்கினான்.

வாலிபத்திலேயே சங்கத்தில் சேர்ந்தார். சும்மா விடுவார்களா? முதலாளிமார் கறுப்புப் பட்டியலில் பெயரை எழுதிவிட்டார்கள். சுரங்கத்தில் இடமில்லை என்றானதும் ரயில் எஞ்சினுக்குக் கரி தள்ளினார், மரம் வெட்டினார். கல்யாணமும் ஆகி, காலப்போக்கில் பிள்ளைகள் பதினொன்று. இத்தனை பாரத்தோடும் 1890-இல் ஐக்கியச் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தவர்களில் ஒருவராக நின்றார்.

1899-இல் ஆர்னட்டில் பெரிய வேலைநிறுத்தம். தொழிலாளர்கள் சோர்ந்துபோன வேளையில் அன்னை ஜோன்ஸ் என்ற வீராங்கனை வந்து சேர்ந்தார். பெண்கள் துடைப்பமும் தட்டுமுட்டுச் சாமானும் தூக்கிக்கொண்டு போய், கருங்காலிகளை விரட்டியடித்தார்கள். வீடிழந்து நின்றவர்களுக்கு வில்சன் தம் வீட்டைத் திறந்துவிட்டார். அந்த வீடே அடமானத்தில் இருந்தது! கடனை அடைத்து, கையிலும் பணம் தருகிறோம், ஊரை விட்டுப் போய்விடு என்று ஆள் வந்து பேரம் பேசியதாகவும், வில்சன் அவர்களை வாசலோடு அனுப்பிவிட்டதாகவும் அன்னை ஜோன்ஸ் தம் நூலில் சொல்கிறார். 1900-இல் வேலைநிறுத்தம் வெற்றியில் முடிந்தது. அந்த வருஷமே வில்சன் சங்கத்தின் தேசியச் செயலாளர்-பொருளாளர் ஆனார்.

1906 தேர்தலில் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நின்று ஜெயித்தார். 1907 டிசம்பரில் புதிய நாடாளுமன்றம் கூடிய சில நாட்களுக்குள், மேற்கு வெர்ஜீனியாவில் மோனோங்கா சுரங்கம் வெடித்து 362 பேர் மாண்டார்கள். கரிப்புகை தின்றவர் சபையில் எழுந்து பேசும்போது அதற்குத் தனி எடை உண்டல்லவா? சுரங்கப் பாதுகாப்பை ஆராய அரசாங்கத்தில் தனி அலுவலகம் வேண்டுமென்று போராடினார். 1910-இல் அது வந்தது. 1911-இல் தொழிலாளர் குழுவுக்குத் தலைவரானார். அரசாங்கக் குத்தகை வேலைகளுக்கு எட்டு மணி நேரம், கப்பலாட்களுக்குப் பாதுகாப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக முயன்றார்.

1912 தேர்தலில் தோற்றார். ஆனால் அவர் பாடுபட்ட மசோதாவில் ஜனாதிபதி டாஃப்ட், தம் பதவியின் கடைசி நாளான 1913 மார்ச் 4-இல் கையெழுத்துப் போட்டார். தொழிலாளருக்கென்று தனி இலாகா பிறந்தது. அடுத்து வந்த ஜனாதிபதி உட்ரோ வில்சன் (பெயர் ஒற்றுமைதான், சொந்தமில்லை) அதை இவரிடமே ஒப்படைத்தார்.

1917-இல் அரிசோனாவில் பிஸ்பி என்ற ஊரில், சுமார் 1,200 சுரங்கத் தொழிலாளர்களைத் துப்பாக்கி முனையில் மாட்டு வண்டி ரயிலில் ஏற்றிப் பாலைவனத்தில் இறக்கிவிட்டார்கள். விசாரித்த குழுவுக்கு வில்சன்தான் தலைவர். அது முழுக்கச் சட்டவிரோதம் என்று குழு பட்டவர்த்தனமாக எழுதியது. ஆனாலும் செய்தவர்கள் தண்டனை இல்லாமல் தப்பிவிட்டார்கள்.

குறையையும் சொல்லத்தான் வேண்டும். குடிநுழைவு அலுவலும் இவர் இலாகாவின் கீழ் இருந்தது. 1920-இல் வெளிநாட்டுத் தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்தபோது, கம்யூனிஸ்ட் கட்சியில் இருப்பதே நாடு கடத்தப் போதும் என்று தீர்ப்புச் சொன்னவர் இவரே. தாமும் பிழைக்க வந்தவர்தானே! அந்தச் சமயத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆணைகளை ரத்து செய்து பலரைக் காப்பாற்றியவர் இவருடைய துணை அதிகாரி லூயி போஸ்ட். அந்தப் பெருமையை நாம் போஸ்டுக்குத்தான் தருவோம்.

1921-இல் பதவி விட்டார். 1926-இல் செனட் சபைக்கு நின்று தோற்றார். 1934 மே 25-இல், ஜார்ஜியா மாநிலத்தில் ரயிலில் போய்க்கொண்டிருந்தபோது உயிர் பிரிந்தது. உடலைப் பென்சில்வேனியாவுக்குக் கொண்டுவந்து, ஆர்னட்டுக்குப் பக்கத்துச் சுரங்க ஊரான பிளாஸ்பர்க்கில் அடக்கம் செய்தார்கள்.