தலைசுற்றலின் காரணம் தேடியவர்

சென்ற ஆண்டு தலைசுற்றலுக்காகக் காது மருத்துவரிடம் போனேன். காதில் குளிர்ந்த நீரையும், சற்றுப் பொறுத்து வெதுவெதுப்பான நீரையும் விட்டு, என் கண்களின் அசைவைக் கவனித்தார். நம் அங்கத்தினர்களில் பலருக்கும் இது நடந்திருக்கும். இந்தச் சோதனையைத் தந்தவர் ராபர்ட் பாரானி.

1876-ல் வியன்னாவில் பிறந்தவர். சிறுவயதில் எலும்புக் காசநோயால் ஒரு முழங்கால் விறைத்துப்போனது. காது மருத்துவரானார். காதைக் கழுவும்போது நோயாளிகள் தலைசுற்றுகிறது என்பார்கள். நீர் குளிர்ந்திருந்தால் கண்கள் ஒரு பக்கமாகத் துடித்தன. சூடாக இருந்தால் எதிர்ப்பக்கம். உட்செவியின் அரைவட்டக் குழல்களிலுள்ள திரவம் சூட்டில் மேலேறுகிறது, குளிரில் இறங்குகிறது என்று கண்டார். நாம் பௌதிகத்தில் படித்த வெப்பச்சலனம்தான்! (1983-ல் விண்வெளியில், எடையற்ற நிலையிலும் கண்கள் துடித்தன. ஆகவே அது மட்டுமே காரணமல்ல.)

முதல் உலகப் போரில் ராணுவ மருத்துவராகச் சென்று ரஷ்யரிடம் கைதியானார். 1914-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசுச் செய்தி கைதி முகாமில்தான் அவரை எட்டியது. ஸ்வீடன் இளவரசர் கார்ல் தலையிட, 1916-ல் விடுதலை. வியன்னா திரும்பினால், பிறர் ஆய்வுகளைச் சரிவரக் குறிப்பிடவில்லை என்று சக மருத்துவர்களே குற்றம் சாட்டினர். சிறைவாசத்தைவிட இதுதான் அவரை அதிகம் வாட்டியிருக்கும் என்பது என் எண்ணம். ஸ்வீடனின் உப்சாலாவுக்குப் போய்ப் பேராசிரியரானார். 1936-ல் அங்கேயே காலமானார்.

என் இடது காதுதான் மந்தமாம்.